முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு: வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய டிராக்டர்

அமெரிக்காவின் சிறு நகரங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு தகராறு இது. ஓய்வுபெற்ற ஒருவர் தன் வீட்டைச் சுற்றியுள்ள கால் ஏக்கர், அரை ஏக்கர் இடத்தில் நாலைந்து பழைய டிராக்டர்களை நிறுத்தி வைத்திருப்பார். இரண்டு ஓடும். ஒன்று பிரித்துப் போட்டபடி கிடக்கும். மீதி இரண்டும் துருப்பிடித்து, புல்லுக்குள் பாதி மறைந்து நிற்கும். அக்கம்பக்கத்தில் யாராவது நகராட்சிக்குப் புகார் கொடுப்பார்கள். நோட்டீஸ் வரும். அதற்குப் பிறகு நடக்கிற வாக்குவாதம் எந்த ஊராக இருந்தாலும் ஒரே மாதிரிதான். இவர் 'என் சேகரிப்பு' என்பார். நகராட்சி 'குப்பை' என்று சொல்லும்.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது? இதைத்தான் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனா ஒரு வரையறை எழுதினா அதுக்குள்ள எது மாட்டும், எது நழுவும்னு பார்க்கிறது எங்க தொழில்ல தினசரி வேலை. அந்தப் பழக்கத்தோடு மூன்று சட்டப் பிரதிகளை வாசித்தேன்: 1926இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, வர்ஜீனியா மாநிலச் சட்டத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பிரிவுகள், கலிபோர்னியா வாகனச் சட்டத்தில் ஒரு சின்னப் பகுதி. ஒரு நாவலை விமர்சிப்பதுபோல ஒரு சட்டப் பிரிவையும் விமர்சிக்கலாம் என்பது என் கட்சி. இரண்டிலும் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரதிகள் டிராக்டரைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அது ஓடுகிறதா, தெருவிலிருந்து தெரிகிறதா என்ற இரண்டை மட்டும் பார்க்கின்றன. அதனால் கொட்டகை கட்ட வசதியுள்ளவர் வைத்திருப்பது சேகரிப்பாகவும், வசதியில்லாதவர் வைத்திருப்பது குப்பையாகவும் ஆகிவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன்.

டிராக்டர் எப்படி டவுனுக்கு வந்தது?

1935இல் அமெரிக்காவில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. அதுதான் உச்சம். 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். இடைப்பட்ட காலத்தில் நிலம் எங்கும் போய்விடவில்லை. சின்னப் பண்ணைகள் பெரிய பண்ணைகளுக்குள் கரைந்தன, மனிதர்கள் டவுனுக்குப் போனார்கள். இந்த மாற்றத்துக்குக் காரணமான இயந்திரங்களில் முக்கியமானது டிராக்டர்தான். 1954 கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர்களின் எண்ணிக்கை குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் தாண்டியது. தன்னை நிலத்திலிருந்து வெளியேற்றிய இயந்திரத்தையே ஒருவர் கூடவே டவுனுக்குக் கொண்டு வந்து, வீட்டுப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை யோசித்தால், இது வெறும் பொழுதுபோக்கு சமாச்சாரம் இல்லை என்று புரியும்.

எந்த டிராக்டர்கள்? பெரும்பாலும் 1920களிலிருந்து 1950கள் வரை வந்தவை. 1923 முதல் 1953 வரை தயாரான ஜான் டீர் 'டி'. இரண்டு சிலிண்டர் மட்டுமே உள்ள அந்த வகை என்ஜினின் 'டப்... டப் டப்' சத்தத்துக்காகவே அதற்கு 'ஜானி பாப்பர்' என்று செல்லப் பெயர். 1939 முதல் 1953 வரை வந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஃபார்மால் 'எச்'. 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஃபோர்டு 8என். இந்தக் கடைசி வண்டியின் பின்னால் கலப்பையை மாட்டும் மூன்று முனை இணைப்பு ஹாரி ஃபெர்குசன் கொண்டு வந்தது. நம்ம ஊரில் ஓடும் சிவப்பு மாஸி 1035ஐப் பார்த்தவர்களுக்கு இந்த வம்சம் பழக்கமானதுதான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்த வண்டி அது. ஃபெர்குசனின் பெயரும் அந்த இணைப்பும் இன்றும் அதில் இருக்கின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. 1942இல் போருக்காக அமெரிக்கா முழுக்கப் பழைய இரும்பு திரட்டினார்கள். பண்ணை மூலைகளில் கிடந்த ஆரம்பகால டிராக்டர்களும் நீராவி என்ஜின்களும் உலைக்குப் போயின. அதில் தப்பியவைதான் இன்று கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதாவது இந்த இயந்திரங்கள் ஏற்கெனவே ஒருமுறை 'குப்பை' என்ற சொல்லிலிருந்து உயிர் பிழைத்தவை.

ஓடாத வண்டி எதற்கு?

இதைப் புரிந்துகொள்ளாமல் சட்டத்தை விமர்சிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கமாகக் கேட்பது: "ஓடுறதை வச்சுக்கோங்க. ஓடாததை எதுக்கு வச்சிருக்கீங்க?" நியாயமான கேள்விதான். பதில் என்னவென்றால், ஓடாதது இல்லாமல் ஓடுவது ஓடாது.

ஃபோர்டு 8என் போல லட்சக்கணக்கில் வந்த வண்டிக்குப் புதிதாகச் செய்த உதிரிபாகங்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் பல கம்பெனிகளே இன்று கிடையாது. மினியாபோலிஸ்-மோலினும் ஆலிவரும் 1960களின் தொடக்கத்தில் ஒயிட் கம்பெனிக்குள் போய், 1970களில் பெயரே மறைந்துவிட்டன. ஆலிஸ்-சால்மர்ஸின் டிராக்டர் பிரிவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் விவசாயப் பிரிவும் 1985இல் கைமாறின. அப்படிப்பட்ட ஒரு பழைய மாடலின் கியர் பெட்டி உடைந்தால் போய் வாங்க ஒரே இடம்தான் உண்டு: அதே மாடலில் செத்துப்போன இன்னொரு வண்டி. அதனால் ஒரு சேகரிப்பில் மூன்று வகை இருக்கும். ஓடுவது, முறைக்காகக் காத்திருப்பது, உறுப்புதானம் செய்வது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான். வைத்திருப்பவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நோயாளிக்கும் பிணத்துக்கும் உள்ள வித்தியாசம்.

காத்திருப்பு நீளமானது. இந்த வண்டிகளின் புகைக்குழாய் பெரும்பாலும் வானத்தைப் பார்த்து நிற்கும். அதில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து வைப்பது பழைய பண்ணைப் பழக்கம். யாரோ ஒரு வருஷம் டின்னை வைக்க மறந்தால் மழைத்தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், பிஸ்டன் துருப்பிடித்து என்ஜின் ஜாம் ஆகிவிடும். அதை விடுவிக்க எண்ணெயை ஊற்றி வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் ஊறப் போட வேண்டும். சுத்தியலால் அடித்தால் உடைந்துவிடும். அந்த மாதங்களில் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. உண்மையில் அதுதான் வேலை.

முதல் பிரதி: யூக்ளிட், 1926

ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரை ஒட்டியுள்ள ஊர் யூக்ளிட். 1922இல் அந்த ஊராட்சி நிலத்தை வகுப்பு வகுப்பாகப் பிரித்து விதி போட்டது. 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம், தன் நிலத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1926இல் உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்று தோற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து. இன்று அமெரிக்காவில் எந்த ஊரிலும் 'இது குடியிருப்புப் பகுதி' என்று கோடு போடுகிற அதிகாரத்தின் அடித்தளம் இந்தத் தீர்ப்பு.

சதர்லாந்தின் உவமை ஒன்று சட்டக் கல்லூரிகளில் பிரபலம். தொல்லை என்பது பல நேரங்களில் சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதுதான். தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வீட்டுக் கூடத்துக்கு வந்ததுபோல என்கிறார். நல்ல உவமை. பன்றியின்மேல் குற்றம் இல்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பண்ணையில் நிற்கும் துருப்பிடித்த டிராக்டரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பின்னால் குடிவந்தவர்கள் தொல்லை என்று வழக்குப் போடுவதிலிருந்து பண்ணைகளைக் காக்க இன்று 50 மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. அதே டிராக்டர் நாலு மைல் தள்ளி டவுனுக்குள் வந்தால் சதர்லாந்தின் பன்றி ஆகிவிடுகிறது.

ஆனால் எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது தீர்ப்பு எடுத்துக்கொடுக்கும் யூக்ளிட் ஊரின் விதிப் பட்டியல். நிலப் பயன்பாட்டை 'யூ-1' முதல் 'யூ-6' வரை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். யூ-1 மிகக் கண்டிப்பான வகுப்பு: தனி வீடுகள், பூங்காக்கள், தண்ணீர்த் தொட்டிகள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: விவசாயம். ஆமாம், 1922இல் எழுதிய விதியில் தனி வீடும் விவசாயமும் ஒரே வகுப்பு. கடைசி வகுப்பான யூ-6இல் என்ன? கழிவுநீர் நிலையம், குப்பை எரிப்பிடம், மயானம், சிறை, இவற்றோடு பழைய இரும்பும் தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்த்து வைக்குமிடம்.

இப்போது ஒரு டிராக்டரை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். உழுதுகொண்டிருக்கும் வரை அது யூ-1. என்ஜின் ஜாம் ஆன அன்று அது பழைய இரும்பு, அதாவது யூ-6. ஒரு அங்குலம்கூட நகராமல் முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது. நடுவிலுள்ள நாலு வகுப்பில் எதிலும், ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் வைத்துப் 'பழுது பார்த்துக்கொண்டிருக்கும் பொருள்' என்ற நிலைக்கு இடமில்லை. பயன்படுவது உண்டு, கழிவு உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பொருள் வருஷக்கணக்கில் இருக்க முடியும் என்பது அந்தப் பட்டியலை எழுதியவர்கள் மனதில் இல்லை. நூறு வருஷமாகியும் அந்த ஓட்டை அடைபடவில்லை.

தீர்ப்பின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். அதே சதர்லாந்து, தனி வீடுகள் உள்ள தெருவில் வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். ஆக, பன்றி உவமை எவ்வளவு நடுநிலையாகத் தெரிந்தாலும், 'தவறான இடம்' எது என்று முடிவு செய்யும் கண் யாருடையது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கண் சட்டத்துக்குள் நுழைந்த கதை

1926 தீர்ப்பு பெரும்பாலும் தீ, சத்தம், நெரிசல், குழந்தைகளின் பாதுகாப்பு என்றே வாதம் செய்தது. 'பார்க்க அசிங்கமா இருக்கு' என்பது தனியாக ஒரு காரணமாக வலுப்பெற்றது பிறகுதான். 1954இல் பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் நீதிபதி டக்ளஸ், பொதுநலம் என்பதில் சுகாதாரம் மட்டுமல்ல, அழகும் அடங்கும் என்று எழுதினார். அது வாஷிங்டன் நகரின் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றை இடித்துக் கட்டுவது பற்றிய வழக்கு; டிராக்டருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அந்தக் கருத்து எல்லா இடத்துக்கும் பரவியது. 1965இல் ஜனாதிபதி ஜான்சனின் மனைவி லேடி பேர்டு ஜான்சன் முன்னின்று ஆதரித்த நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் வந்தது. முக்கியச் சாலைகளிலிருந்து 1,000 அடிக்குள் பார்வையில் படும் பழைய இரும்புக் கிடங்குகளை மறைக்க வேண்டும் அல்லது அகற்ற வேண்டும் என்றது.

கவனியுங்கள்: 'மறைக்க வேண்டும் அல்லது அகற்ற வேண்டும்.' கிடங்கின் எண்ணெய் மண்ணில் இறங்குகிறதா, தண்ணீரில் கலக்கிறதா என்பது இந்தச் சட்டத்தின் கேள்வி இல்லை. கார் ஜன்னலிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி. இங்கே ஆரம்பித்த பழக்கம் பின்னால் வீட்டு முற்றம் வரை வந்தது.

இரண்டாவது பிரதி: வர்ஜீனியா

வர்ஜீனியா மாநிலச் சட்டத்தின் 15.2-904 பிரிவு, குடியிருப்புப் பகுதிகளில் 'இயங்காத மோட்டார் வாகனம்' வைத்திருப்பதைத் தடைசெய்ய ஊர்களுக்கு அதிகாரம் தருகிறது. முழுக்க மூடிய கட்டடத்துக்குள்ளோ, பார்வையில் படாமலோ வைத்திருந்தால் விதிவிலக்கு. இயங்காத வாகனம் என்றால் என்ன? மூன்று நிபந்தனைகள், நடுவில் 'அல்லது' போட்டு: ஓடும் நிலையில் இல்லாதது, அல்லது சக்கரம், என்ஜின் போன்ற முக்கிய பாகங்கள் கழற்றப்பட்டு 60 நாளுக்கு மேல் ஆனது, அல்லது செல்லுபடியாகும் நம்பர் பிளேட்டோ பரிசோதனை வில்லையோ இல்லாதது.

எங்க தொழில்ல இந்த மாதிரி 'அல்லது' போட்ட நிபந்தனையைப் பார்த்தா முதல்ல கேட்கிற கேள்வி: எந்த நல்ல வண்டி இதுல தப்பா மாட்டும்? டிராக்டர் மாட்டுகிறது. அதே மாநிலத்தின் வாகனச் சட்டம், பண்ணை டிராக்டரை ஒரு 'மோட்டார் வாகனம்' என்றுதான் வரையறுக்கிறது. ஆனால் வயலில் வேலை செய்யும் டிராக்டருக்குப் பதிவு தேவையில்லை, அதனால் பிளேட்டே இருந்திருக்காது. எழுத்துக்கு எழுத்து வாசித்தால், இன்று காலை சாவி போட்டதும் புகை கக்கி ஓடிய 1950 ஃபோர்டு 8என் கூட 'இயங்காத வாகனம்'தான். ஓடினாலும் மாட்டும், ஓடாவிட்டாலும் மாட்டும். கார்களை மனதில் வைத்து எழுதிய வரையறைக்குள் டிராக்டர் தற்செயலாக விழுந்துவிட்டது.

60 நாள் என்ற எண்ணையும் பாருங்கள். ஜாம் ஆன என்ஜினை ஊறப் போட்டு, பிஸ்டனைக் கழற்றி, பட்டறைக்கு அனுப்பித் திரும்பி வருவதற்குள் 60 நாள் ஓடிவிடும். எந்த மெக்கானிக்கிடமும் கேட்காமல் போட்ட எண் மாதிரி இருக்கிறது.

ஆனால் இதே வர்ஜீனியா அடுத்த பிரிவில் ஆச்சரியப்படுத்துகிறது. 15.2-905 பிரிவு, குறிப்பிட்ட சில ஊர்களுக்கு இன்னும் கடுமையான அதிகாரம் கொடுக்கும்போது ஒரு சலுகையும் சேர்க்கிறது. உரிமையாளர் அந்த வண்டியைத் தீவிரமாகப் பழுதுபார்த்து வருகிறார் என்று காட்ட முடிந்தால், அது பார்வையில் படாமல் இருந்தால், அந்த வண்டியும் அதன் பழுதுக்குப் பயன்படும் *இன்னொரு* ஓடாத வண்டியும் இருக்கலாம். நான் வாசித்த பிரிவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது. யூக்ளிட் பட்டியலில் இல்லாத அந்த நடு நிலையை இது பார்த்திருக்கிறது. வேலை என்பது ஒரு காலத்தில் நடக்கும் செயல், அதற்கு ஒரு உடல் உறுப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்டிப்பான பிரிவில் கருணை இருக்கிறது, தாராளமான பிரிவில் இல்லை என்பது வேடிக்கை.

குறை என்ன? 'காட்ட முடிந்தால்' என்று சொல்கிறது. எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வேலையை நிரூபித்த பிறகும் மறைத்தே வைக்க வேண்டும் என்கிறது. கண்ணின் ஆட்சியிலிருந்து இதுவும் விடுபடவில்லை.

மூன்றாவது பிரதி: கலிபோர்னியா

கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 5051, 5052 பிரிவுகள் சேகரிப்பவரை மரியாதையோடு நடத்துகின்றன. 'சேகரிப்பாளர்' என்று ஒரு மனிதரை வரையறுக்கிறது: சிறப்பு ஆர்வத்துக்குரிய வண்டியை வைத்துக்கொண்டு, பாதுகாக்கவும் பழுதுபார்க்கவும், பொழுதுபோக்குக்காகவோ வரலாற்றுக்காகவோ அதையும் அதன் பாகங்களையும் வாங்குபவர், மாற்றிக்கொள்பவர். 'உதிரிபாக வண்டி'க்கும் தனி வரையறை உண்டு. அப்படிப்பட்டவர், உள்ளூர் நில விதிகளுக்கு உட்பட்டு, ஓடும் வண்டி, ஓடாத வண்டி, பதிவு செய்தது, செய்யாதது எதையும் தன் இடத்தில் திறந்தவெளியில் வைத்திருக்கலாம். இரண்டே நிபந்தனை: சுகாதாரக் கேடு இருக்கக் கூடாது, வேலி, மரம், செடி, போர்வை எதையாவது கொண்டு பொதுப் பார்வையிலிருந்து மறைத்திருக்க வேண்டும்.

மூன்றில் இதுதான் மனிதத்தன்மை உள்ள பிரதி. பொருளை மட்டும் பார்க்காமல் அதை வைத்திருப்பவரின் நோக்கத்தையும் பார்க்கிறது. இருந்தும் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

ஒன்று, சிறப்பு வண்டி என்றால் தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து மாற்றப்படாததாக இருக்க வேண்டும் என்கிறது. காருக்கு இது பொருந்தலாம். டிராக்டர் அப்படி வாழ்ந்த பொருள் இல்லை. 1932இல் ஆலிஸ்-சால்மர்ஸ் காற்றடைத்த ரப்பர் டயரோடு டிராக்டரை விற்க ஆரம்பித்தது. அடுத்த வருஷமே பார்னி ஓல்டுஃபீல்டு என்ற பந்தய வீரரை அதில் உட்கார வைத்து மணிக்கு 64 மைல் ஓட்டி விளம்பரம் செய்தார்கள். அதைப் பார்த்து, இரும்புச் சக்கர டிராக்டர் வைத்திருந்தவர்கள் ஆரக்காலை வெட்டி, ரப்பர் டயருக்கான வளையத்தைப் பற்றவைத்துக்கொண்டார்கள். 8என்-இன் 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டுக்கு மாற்றாதவர்கள் குறைவு. இந்த வெட்டும் பற்றவைப்பும்தான் அந்த வண்டியின் வரலாறு. 'மாற்றப்படாதது' என்ற சொல், உழைத்த வண்டியைத் தள்ளிவிட்டு, ஷெட்டிலேயே தூங்கிய வண்டியை உள்ளே விடுகிறது.

இரண்டாவது, நேரம். நோக்கம் இருந்தால் போதும் என்கிறது. அந்த நோக்கத்துக்கு ஒரு வருஷத்தில் ஏதாவது நடந்ததா என்று கேட்கவில்லை. வர்ஜீனியாவுக்கு வேலை தெரிகிறது, சேகரிப்பாளர் தெரியவில்லை. கலிபோர்னியாவுக்குச் சேகரிப்பாளர் தெரிகிறார், வேலை தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது

இதுவரை சேகரிப்பவர் பக்கமே பேசினேன். மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் இல்லை.

பழைய டயரில் தேங்கும் மழைத்தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிரியமான இடம் என்பது டெங்கு பார்த்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற ஆசியக் கொசு 1985இல் டெக்சாஸில் நிலைகொண்டதே, ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்கள் வழியாகத்தான். டிராக்டரின் பின் டயருக்குள் எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புவது வழக்கம். டியூப் ஓட்டையானால் அது கசிந்து சக்கரத்தை அரிக்கும், கீழே இருக்கிற புல்லைக் கருக்கும். கியர் எண்ணெய் சொட்டும். பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. 8என் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் எடை. ஜாக்கி நழுவினால், விளையாட வந்த குழந்தை மேல் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வீடுதான் மொத்தச் சொத்து. விற்கிற நேரத்தில் பக்கத்து முற்றம் விலையைக் குறைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

இன்னொரு குற்றச்சாட்டு சேகரிப்பவர்கள் மேலேயே. 'ஒருநாள் செய்வேன்' என்பது இந்த உலகத்தின் தேசிய கீதம். முதல் வண்டியை முடிக்காமல் ஏழாவது வண்டியை ஏலத்தில் எடுப்பவர் பாதுகாக்கிறாரா, பதுக்குகிறாரா? வெயிலிலும் பனியிலும் இருபது வருஷம் கிடந்த உறுப்புதான வண்டியில் கடைசியில் எடுக்க ஒரு உறுப்பும் தேறாது. வரலாற்றைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அதை மெதுவாக அழிக்கும் வேலை அது. இவர்கள்மேல் வரும் நோட்டீஸில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் கவனித்தீர்களா? மேலே சொன்ன தொல்லைகளில் வீட்டு விலை ஒன்றைத் தவிர எதுவும் வேலி போட்டால் தீராது. கொசு வேலியைத் தாண்டும். எண்ணெய் வேலிக்கு அடியில் போகும். மறைத்து வை என்ற கட்டளை, உண்மையான தொல்லையை அப்படியே விட்டுவிட்டுப் பார்வையை மட்டும் சரிசெய்கிறது. அதற்கு ஆகும் செலவை யார் தாங்க முடியும்? பெரிய கொட்டகை உள்ளவரைத் தேடி நோட்டீஸ் வராது. அவருடைய துருவை யாரும் பார்ப்பதில்லை. சின்ன இடத்தில், கம்பி வேலிக்குப் பின்னால், ஒரு பென்ஷனில் வாழ்கிறவர்தான் மாட்டுகிறார். நோட்டீஸ் கெடு நெருங்கும்போது அவர் முதலில் காயலான் கடைக்கு அனுப்புவது உறுப்புதான வண்டியைத்தான். அதோடு மற்ற இரண்டின் ஆயுளும் குறைந்துவிடுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

என் வாசிப்பில், இந்தப் பிரதிகளை ஒட்டிச் சேர்த்தாலே ஒரு நல்ல விதி கிடைக்கும். கலிபோர்னியாவிடமிருந்து சேகரிப்பாளர் என்ற மனிதரையும் சுகாதார நிபந்தனையையும் எடுத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவின் 905இலிருந்து 'வேலை நடக்கிறது என்று காட்டு, உறுப்புக்கு இன்னொன்றை வைத்துக்கொள்' என்ற வாக்கியத்தை எடுக்கலாம். பிறகு மூன்றே கேள்வி போதும். எதுவும் கசிகிறதா, தேங்குகிறதா, சாயுமா? போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது? இந்த ஓடாத வண்டி எந்த வண்டிக்காக நிற்கிறது?

'இதையெல்லாம் யார் போய் அளப்பது? தெரிகிறதா இல்லையா என்று பார்ப்பதுதானே அதிகாரிக்குச் சுலபம்?' என்று கேட்கலாம். சரியான ஆட்சேபம். கண் சோதனையின் பலமே அது மலிவு என்பதுதான். ஆனால் வருஷத்துக்கு நாலு புகைப்படமும், வாங்கிய பாகத்தின் ரசீதும், ஒரு நோட்டுப் புத்தகமும் அப்படியொன்றும் விலை உயர்ந்தவை இல்லை. இடத்தின் அளவைப் பொறுத்து எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு போடலாம். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளி என்றும் சொல்லலாம். ஒரு வருஷம் முழுக்க நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை என்றால், அப்போது அது குப்பை என்று சொல்ல நகராட்சிக்கு உரிமை உண்டு. அதை நானே ஒப்புக்கொள்வேன்.

அந்த நோட்டு நகராட்சிக்காக மட்டும் இல்லை. சேகரிப்பவர் இறந்த பிறகு என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். முற்றத்தில் ஐந்து வண்டி, கொட்டகையில் பெயரில்லாத நாற்பது பாகம். எந்த மேக்னெட்டோ எந்த வண்டிக்கு, எந்தக் கார்புரேட்டர் சரிசெய்தது, எது பழுது என்பது ஒரே ஒருவர் தலைக்குள் இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் கூப்பிடுவது காயலான் கடைக்காரரைத்தான், அவரிடம் இருப்பது எடை போடும் தராசு மட்டுமே. நோட்டு இருந்தால் அதே பொருள்களை இன்னொரு சேகரிப்பாளரிடம் கொடுக்க முடியும். அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டுப் பதிவேடு வைப்பது இதற்காகத்தான்.

சட்டம் எழுதுகிறவர்கள் வேலியை அளப்பதை விட்டுவிட்டு வேலையைக் கேட்க ஆரம்பித்தால், நேர்மையான சேகரிப்பாளருக்கு ஒரு பாதுகாப்பு கிடைக்கும், பதுக்குகிறவருக்கு ஒரு நெருக்கடி கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொசு குறையும். யூக்ளிட்டின் பட்டியலில் முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே ஒரு இடம் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்ப ஒரு வாக்கியம் போதும். வர்ஜீனியாவில் அதன் பாதியை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள்.